பாதமும் பாதரட்சையும்

பாலாற்றங்கரை வாணியம்பாடியில், தோல் வியாபாரத்தைத் தவிர வேறு பேச்சு அதிகமாகக் காதில் விழாத ஒரு தெருவில் நான் பிறந்து வளர்ந்தேன். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறும் தொட்டிகளின் துவர்ப்பு மணமும், சுண்ணாம்புக் குழிகளின் நெடியும், வெயிலில் காயவைத்த ஆட்டுத் தோல்களின் வாடையும் கலந்து வீசும் காற்றையே நாங்கள் சுவாசித்தோம். வெளியூர் உறவினர் வந்து முகத்தைச் சுளித்தால்தான் அப்படியொரு வாடை உண்டென்பது எங்களுக்கு ஞாபகம் வரும். என் தகப்பனார் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதி வந்தார். பதனிட்ட தோல்கள் கட்டுக் கட்டாகச் சென்னைத் துறைமுகம் சென்று, அங்கிருந்து கப்பலேறி லண்டன் ஏலத்தில் விலைபோகும் என்றும், இங்கிலாந்தின் ஷூ தொழிற்சாலைகள் அவற்றை வாங்கி மேல்தோலாகவும் உள் தோலாகவும் வைத்துத் தைக்கின்றன என்றும் அவர் இரவுச் சாப்பாட்டு நேரங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சீமைப் பெண்களின் பாதங்களைத் தொடப்போகும் தோல் எங்கள் தெருவிலே காய்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவர் காலிலும் செருப்பு இருந்ததில்லை.

1940-களின் இறுதியில் எங்கள் ஊரில் செருப்பணிந்து தெருவில் நடந்த பெண்கள் என்று நினைத்துப் பார்த்தால், லேடி டாக்டரும் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையுமே கண்முன் வருகிறார்கள். தோல் ஷாப்பு முதலாளிகளான முஸ்லிம் பெருந்தனக்காரர்களின் வீட்டுப் பெண்கள் திரையிட்ட குதிரை வண்டியிலிருந்து இறங்கும்போது, சரிகை வேலை செய்த மெல்லிய செருப்புகள் ஒரு கணம் மின்னி மறைவதையும் பார்த்திருக்கிறேன். தலைமை ஆசிரியை செருப்பொலி எழுப்பிக்கொண்டு போவதைத் திண்ணைப் பெரியவர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்றால், அவர் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் என்ற ஒரே காரணத்தால்தான். அதே செருப்பை அவருடைய தங்கை அணிந்து வந்திருந்தால் அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் செய்தி போயிருக்கும். பெரியவர்களுக்கு முன்னால் செருப்போடு நிற்பது மரியாதைக் குறைவு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கும் அந்த மரியாதை விதிக்கப்பட்டிருந்ததென்றாலும், அவர்கள் கழற்றிவைப்பதற்கு ஒரு ஜோடி இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை.

இதைக் காட்டிலும் கொடிய விதி ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தோலை உரித்து, மயிர் போக்கி, சுண்ணாம்பில் கை வெந்துபோக உழைத்த தாழ்த்தப்பட்ட மக்கள், சுற்றுவட்டாரக் கிராமங்களில் மேல்சாதியார் தெருவுக்குள் நுழையும்போது, செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. தோல் அவர்கள் கையால் பதமானது, செருப்பு அவர்கள் கையால் உருவானது. அணிந்து நடக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் விஷயத்தில் தீட்டு என்றும், எங்கள் விஷயத்தில் அடக்கம் என்றும் வெவ்வேறு பெயர்களால் அழைக்கப்பட்ட அதிகாரம் ஒன்றேதான் என்பதை நான் வெகுகாலம் கழித்தே உணர்ந்தேன். ஆயினும் இரண்டையும் சமமாக வைத்துப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் வெறுங்காலில் அவமானம் இல்லை, அவர்கள் வெறுங்காலில் இருந்தது.

அவமானம் இல்லை என்று நான் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. செருப்பில்லாத அந்தப் பாதங்கள் அலங்காரமில்லாத பாதங்கள் அல்ல. வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிக் குளித்த பாதங்கள் அவை. விசேஷ நாட்களுக்கு முதல் இரவில் மருதாணி அரைத்து, நகங்களுக்குத் தொப்பியிட்டு, விடியும்வரை அசையாமல் படுத்திருந்து சிவக்கவைத்த பாதங்கள். கொலுசும் மெட்டியும் அணிந்து, நலுங்கின்போது ஊர்ப் பெண்கள் கூடியிருந்து பார்த்துப் பாராட்டிய பாதங்கள். மணப்பெண்ணின் கால் விரலைப் பிடித்து மாப்பிள்ளை மெட்டி அணிவிக்கும் சம்பிரதாயத்தில், பாதம் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் வைக்கப்படுகிறது. நம்முடைய அழகுணர்ச்சி பாதத்தின் மீதே ஆபரணத்தைச் சூட்டியது. ஐரோப்பியரின் அழகுணர்ச்சியோ பாதத்தை மறைத்து, மறைக்கின்ற பொருளையே ஆபரணமாக்கியது. இந்த வேற்றுமை எனக்கு ஏட்டறிவாகக் கிடைத்ததன்று. என் கால் விரலில் நேர்ந்த வலியின் மூலமாகவே கிடைத்தது.

சென்னையில் ராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்தபோதுதான் நான் முதன்முதலாகச் செருப்பணிந்தேன். கடற்கரைச் சாலையில் தோழியரோடு நடக்கும்போது அது சகஜமாக இருந்தது. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, ரயில் ஆம்பூரைத் தாண்டியதும், செருப்பைக் கழற்றிப் பழைய பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிடுவேன்; யாரும் அப்படிச் செய்யும்படி எனக்குச் சொன்னதில்லை. எங்களில் சிலர் ஒன்றரை அங்குலக் குதிகால் உள்ள சான்டல்ஸ் வாங்கினார்கள். குதிகாலுள்ள செருப்பு அந்நாளில் சினிமாவோடும், சினிமா நடிகைகளைப் பற்றிய வம்புப் பேச்சோடும் சேர்த்து எண்ணப்பட்டது. ஒரு பெண் அரை அங்குலம் உயர்ந்து நின்றால் அவளுடைய குணத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நூறு பேர் இருந்தார்கள்.

1961-ஆம் வருஷம், மேற்படிப்புக்காகச் சென்ற கணவரோடு நானும் லண்டன் போய்ச் சேர்ந்தேன். கப்பலிலிருந்து இறங்கியபோது என் காலில் இருந்தது வார் வைத்த தோல் செருப்பு. அதற்குள் கம்பளிக் காலுறை. குளிர்காலத்துக்கு மூடிய ஷூ இல்லாமல் தீராது என்று ஆனபோது, டால்சிஸ், லில்லி அண்டு ஸ்கின்னர் போன்ற பெரிய கடைகள் வரிசையாக நின்ற ஆக்ஸ்போர்டு தெருவுக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கடுக்காக நின்ற பெண்களின் ஷூக்களைப் பார்த்து நான் அடைந்த பிரமிப்பு இன்றும் நீங்கவில்லை. அது ஸ்டிலெட்டோ கோலோச்சிய காலம். முனை ஊசியாகக் கூர்ந்திருக்கும். குதிகால் மூன்று நான்கு அங்குலம் உயர்ந்து, தரையைத் தொடும் இடத்தில் விரல் நகமளவே இருக்கும். வெறும் மரத்தால் அத்தனை மெல்லிய குதிகாலைச் செய்தால் ஒடிந்துபோகும். உள்ளே எஃகுக் கம்பியை வைக்கும் வழி தெரிந்த பிறகே, 1950-களில், அது சாத்தியமாயிற்று. 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பாதரட்சை வடிவமைத்த பிரெஞ்சுக்காரர் ரோஜர் விவியேதான் இந்த மெல்லிய குதிகாலையும் பாரிஸில் பிரபலப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். ஐம்பது கிலோ எடையுள்ள பெண் ஒருத்தி அதை அணிந்து ஓர் அடி எடுத்துவைக்கும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள இடத்தில் அவளுடைய பாரம் முழுவதும் இறங்குகிறது. யானையின் பாதத்துக்குக் கீழேகூட அத்தனை அழுத்தம் இல்லை. மரத் தரைகளில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுகிறதென்று சில கட்டடங்களில் அதற்குத் தடை விதித்தார்கள். தரைக்கு நேர்ந்த சேதத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பாரத்தைத் தாங்கிய விரல்களைப் பற்றி எழுதியதை நான் அதிகமாகப் படித்ததில்லை.

கடைப் பெண் முழங்காலிட்டு உட்கார்ந்து, ஓர் அளவுக் கருவியில் என் பாதத்தை வைத்துப் பார்த்தாள். பிறந்ததுமுதல் வெறுந்தரையில் நடந்த பாதம் விரல்களைப் பரப்பி ஊன்றப் பழகியது. நீளத்துக்குப் பொருத்தமான ஷூ எதுவும் அகலத்துக்குப் பொருந்தவில்லை. அதோடு மெட்டி வேறு. அந்த வெள்ளி வளையத்தைக் கண்டதும் அவள் வியந்து, அழகாக இருக்கிறதே என்று உண்மையான மகிழ்ச்சியோடு சொல்லி, "ஆனால் இதைக் கழற்றாமல் எங்கள் ஷூ எதையும் நீங்கள் அணிய முடியாது, மேடம்" என்றாள். அவள் சொன்னது சரியே. வட்டமான முனையுள்ள ஒரு ஷூவைத் தேடி வாங்கிக்கொண்டு போனேன். அதிலுங்கூட மாலைக்குள் மெட்டி அடுத்த விரலில் பதிந்து இரத்தம் கட்டிவிட்டது. மெட்டியைக் கழற்றுவதில் என் கணவருக்கு ஆட்சேபம் இல்லை. ஊரிலிருந்த என் மாமியாருக்கு எழுதிக் கேட்டேன். "குளிர் தேசத்தில் காலை மூடித்தான் ஆக வேண்டும், மூடிக்கொள். மெட்டியை மட்டும் கழற்றாதே அம்மா, என் மனசு கேட்காது" என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தில் கட்டளையைக் காட்டிலும் அச்சமே அதிகமாக இருந்தது. கணவன் உயிரோடிருக்கையில் கால் விரல் வெறுமையாக இருப்பதை அவரால் கற்பனை செய்யவும் முடியவில்லை.

வழி கண்டுபிடித்தவர் நாங்கள் குடியிருந்த தெருவில் ஷூ ரிப்பேர் செய்துவந்த முதியவர். பெருவிரல் எலும்பு புடைத்துக் கோணிப்போன பெண்களுக்காக ஷூவின் தோலை ஓரிடத்தில் மட்டும் குமிழ் வைத்து நெகிழ்த்தும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. பெருவிரலுக்கான அந்தக் குமிழை இரண்டாம் விரலுக்கு நேராக வைத்து, தோலை நனைத்து, ஓர் இரவு முழுவதும் இறுக்கி வைத்துக் கொடுத்தார். மெட்டிக்கு இடம் கிடைத்தது. அந்தக் கருவிக்கு நாள் தவறாமல் வேலையிருந்தது என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான், பஸ்ஸிலும் ரயிலிலும் நான் கண்ட இங்கிலீஷ்காரிகளின் கால்களைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். அலுவலகம் முடிந்து வரும் இளம் பெண்கள் உட்கார இடம் கிடைத்ததும் குதிகாலை மெல்ல ஷூவிலிருந்து உருவிக்கொண்டு, இறங்கும் ஸ்டேஷன் வரும்போது முகத்தைச் சற்றே இறுக்கிக்கொண்டு மறுபடியும் நுழைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் பெண்ணுக்குச் செருப்பு அணிய அனுமதி தேவைப்பட்டது. இங்கே அணியாதிருக்க அனுமதி தேவைப்படுகிறது என்று எனக்கு அன்று தோன்றியது.

ஆனால் அதை ஒரு நிர்ப்பந்தமாக மட்டும் பார்ப்பது எத்தனை தவறு என்பதை எங்கள் வீட்டுக்கார அம்மாள் எனக்கு உணர்த்தினார். ஐம்பதைத் தாண்டிய அந்த விதவை, சனிக்கிழமை மாலைகளில் கறுப்புத் தோலில் செய்த உயர்ந்த குதிகால் ஷூக்களை மாட்டிக்கொண்டு சிநேகிதிகளைப் பார்க்கக் கிளம்புவார். கால் வலிக்காதா என்று ஒரு நாள் கேட்டேன். அவர் உட்கார்ந்து யுத்த காலத்துக் கதையைச் சொன்னார். 1941-இல் துணிக்கும் ஷூவுக்கும் கூப்பன் வந்தது; முதல் வருஷத்துக்கு ஆளுக்கு அறுபத்தாறு கூப்பன்; பெண்கள் ஷூ ஒரு ஜோடிக்கு அதில் ஐந்து போய்விடும். குதிகால் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாதென்று சர்க்காரே விதி செய்தது. தோல் கிடைக்காமல் மரத்தாலான அடிப்பாகம் வைத்த ஷூக்களும் விற்பனைக்கு வந்தன. யுத்தம் முடிந்தும் 1949 வரையில் துணிக் கூப்பன் ஒழியவில்லை. "என் வாலிபத்தின் நல்ல வருஷங்களெல்லாம் ரிப்பேர் செய்த ஷூவிலேயே கழிந்துபோயின. இவற்றை வாங்கிய தினத்தில் நான் கடையிலேயே அழுதேன். வலிக்கத்தான் வலிக்கிறது, வலித்தாலும் இது என்னுடையது" என்றார். அதற்குப் பிறகு உயர்ந்த குதிகாலைக் கண்டு பரிதாபப்படும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

நான் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஷூ வாங்க வகையில்லாத ஏழைக் குழந்தைகள்தான் வெறுங்காலோடு இருப்பார்கள் என்ற எண்ணத்தில் வளர்ந்தவர் அவர். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வெல்வெட் ஸ்லிப்பர் ஒன்றைப் பரிசளித்தார். மழைச் சேறு படிந்த தெரு ஷூவோடு அவர் சமையலறை வரைக்கும் வருவது எனக்குச் சங்கடமாக இருந்தது. அதை நான் சொல்லவில்லை. கதவருகில் ஒரு விரிப்பைப் போட்டு, எங்கள் ஷூக்களை அதன்மேல் கழற்றிவைத்தோம். சில மாதங்களில் அவருடைய ஷூக்களும் அங்கே இடம்பெற்றன.

விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் பழைய காலத்து உடைகளைப் பார்த்தபோது வேறொரு சங்கதியும் தெரிந்தது. உயர்ந்த குதிகால் ஐரோப்பாவுக்கு வந்தபோது அது பெண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் ஊன்றி நிற்பதற்காக வைத்துக்கொண்ட குதிகாலைப் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பிரபுக்கள் எடுத்துக்கொண்டார்கள்; பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னன் தன் அரசவையில் சிவப்புக் குதிகாலை அந்தஸ்தின் சின்னமாக்கினான். ஆண்கள் கைவிட்ட பிறகு அதே பொருள் பெண்ணின் பலவீனத்துக்கும் சபலத்துக்கும் அடையாளமாகச் சொல்லப்பட்டது. பொருள் மாறவில்லை, அணிந்தவர்கள் மாறினார்கள்.

நாங்கள் தாயகம் திரும்பிய பின் எங்கள் ஊர்ப்பக்கம் அடியோடு மாறிப்போயிற்று. பச்சைத் தோலாகவும் அரைகுறையாகப் பதனிட்டும் ஏற்றுமதி செய்வதை மத்திய சர்க்கார் 1970-களில் கட்டுப்படுத்தியதால், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் முழுமையாகப் பதனிட்ட தோலும், பிறகு ஷூவின் மேற்பாகமும், அதற்கும் பிறகு முழு ஷூவும் செய்யலானார்கள். இன்று அந்த ஷூ கம்பெனிகளில் தையல் இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி வேலை செய்த கம்பெனிக்குச் சென்றிருந்தபோது, ஐரோப்பாவுக்குப் போகவிருந்த நான்கு அங்குலக் குதிகால் ஷூக்களை அவள் எடுத்துக் காட்டினாள். வாசலில் அவர்கள் கழற்றிவைத்திருந்தவை ரப்பர் செருப்புகள். அதைக் கண்டு நான் துயரப்பட்டிருப்பேன். ஆனால் அவள், தன் கல்யாண ரிசப்ஷனுக்கு இதுபோல் ஒன்று வாங்கப்போவதாகவும், மாப்பிள்ளை தன்னைவிட அரைச் சாண் உயரம் என்பதால் மாமியாரே அதை யோசனை சொன்னார் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாள். செருப்பு எனக்கு மறுக்கப்பட்ட அதே பாலாற்றங்கரையில், மருமகளுக்கு ஹீல்ஸ் வாங்கித்தரும் மாமியாரைப் பற்றிக் கேட்டதில் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தையில்லை.

லண்டனிலோ, 2015 டிசம்பரில், நிக்கோலா தார்ப் என்ற பெண், வரவேற்பாளர் வேலைக்குச் சென்ற முதல் நாளே, குதிகால் இல்லாத ஷூ அணிந்திருந்த காரணத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை குதிகால் இருந்தாக வேண்டும் என்பது அங்கே விதி. அடுத்த வருஷம் அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கையொப்பமிட்டார்கள். 2017-இல் பார்லிமெண்டில் விவாதம் நடந்தது. இருக்கும் சட்டமே போதும், புதிய சட்டம் வேண்டியதில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதைப் படித்தபோது, ரயிலில் முகத்தை இறுக்கிக்கொண்டு ஷூவுக்குள் காலை நுழைத்த அந்தப் பெண்களே எனக்கு ஞாபகம் வந்தார்கள். அழகான பாதரட்சையை விரும்பி அணிகிறவளைப் பரிகாசம் செய்வதையும், விரும்பாதவள் மீது அதைத் திணிப்பதையும் நான் ஒன்றுபோலவே வெறுக்கிறேன்.

அந்த வெறுப்பு என்னுள் உறுதிப்பட்டது லண்டனிலும் அன்று, ஆம்பூரிலும் அன்று. 1960-களின் நடுவில், இங்கிலாந்திலிருந்து திரும்பிய புதிதில், என் நாத்தனார் வேலூர்ப் பக்கத்துத் தொழுநோய் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருந்தாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அங்கிருந்த செருப்புத் தைக்கும் கொட்டகையில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும், தொழுநோயாளிகளின் பாதங்களில் புண் உண்டாவது நோய் சதையைத் தின்பதனால் அன்று, உணர்ச்சியற்ற பாதம் அழுத்தத்தையும் முள்ளையும் அறியாததனால்தான் என்று கண்டறிந்திருந்தார்கள். ஆகவே மிருதுவான மைக்ரோசெல்லுலர் ரப்பரை மேலேயும் கெட்டியான ரப்பரைக் கீழேயும் வைத்து, ஆணி ஒன்றுகூட அடிக்காமல், காலிலிருந்து நழுவினாலும் தெரியாதவர்களுக்காகப் பின்வாரும் சேர்த்து, செருப்புகள் செய்து கொடுத்தார்கள். கால்களைக் காப்பாற்றிய செருப்பு அது. ஆனால் கறுப்பு வாரோடும் தடித்த அடியோடும் கூடிய அதை ஊரில் எவரும் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார்கள். அணிந்தவரை டீக்கடைக்காரர் உள்ளே விடமாட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அதனால் பலர் மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு போய், புதிய புண்ணோடு திரும்பி வந்தார்கள்.

அவர்களுள் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கொட்டகையில் செருப்புத் தைப்பவரிடம், "அண்ணே, இதே மாதிரிதான் இருக்கட்டும், அடியை மாத்த வேணாம். வாரை மட்டும் சிவப்பாப் போட்டுக் குடுங்க. கடையில வாங்கினதுன்னு சொல்லிக்குவேன்" என்று கேட்டாள். மருந்து விஷயத்தில் அலங்காரம் எதற்கு என்று அருகிலிருந்த ஒருவர் சொன்னார். செருப்புத் தைப்பவர் அவருக்குப் பதில் சொல்லாமல், சிவப்புத் தோலுக்கு நான் எங்கே போவது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு நான் வாணியம்பாடிக்காரி என்பது தெரியும்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, என் தகப்பனாரிடம் சொல்லி, அவருக்குத் தெரிந்த வியாபாரிகளிடமிருந்து சாயமேற்றிய தோலின் வெட்டுத் துண்டுகளை ஒரு சாக்கில் சேர்த்துக்கொண்டு வந்தேன். சிவப்பு, பழுப்பு, பச்சை, கொஞ்சம் நீலம். பெண்கள் பகுதியில் அவற்றைப் பரப்பிவைத்தபோது ஆளுக்கொன்றாக எடுத்து, புடவை முந்தானையோடு சேர்த்து வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். சிவப்பு அன்றே தீர்ந்தது. பச்சைக்கு இரண்டு பேர் சண்டையிட்டுக்கொண்டார்கள். முன்பே வெட்டி அடுக்கியிருந்த கறுப்பு வார்களை ஆண்கள் பகுதிக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, செருப்புத் தைப்பவர் அடுத்த சாக்கு எப்போது வரும் என்று கேட்டார்.